முப்பது டன் பாரம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறிக்கு ஓய்வு கிடையாது. பந்தயக் கார்களும் கால்பந்தாட்டமும் ஓடிக்கொண்டிருந்த அத்திரையில் வேறொரு காட்சியையும் ஆங்காங்கே காண்கிறோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, நான்கு இயந்திரங்களும் உறும, ஓடுபாதையின் முனையில் நிற்கிறது. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதை வானில் எழுப்ப முயல்கிறான். விமானம் சில விநாடிகள் ஓடுகிறது. பின் இடப்புறம் திரும்பிப் புல்தரைக்குள் பாய்கிறது. மீண்டும் தொடங்குகிறான், மீண்டும் புல்தரை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் தாயார், "போயும் போயும் குண்டு போடுகிற விமானமா உனக்குக் கிடைத்தது?" என்று வருந்துகிறார். தந்தையாரோ, "தெருவில் திரிவதற்கு இது மேல், விடு" என்று சொல்லிச் செய்தித்தாளைப் புரட்டுகிறார்.

இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆயினும் அந்த விமானம் எத்தகையது, அது ஏன் புல்தரைக்குள் பாய்கிறது, மெய்யாகவே அதில் ஏறிச் சென்றவர்கள் யார், அவர்கள் எதைச் சுமந்து சென்றனர் என்னும் செய்திகளை அறிந்த பின்னரே, வீட்டில் அதற்கு இடம் தரலாமா என்ற வினாவுக்கு விடை சொல்ல இயலும் என்பது நம் எண்ணம். ஆகவே இம்மாதம் வாசகக் குடும்பங்களை அந்த ஓடுபாதைக்கே அழைத்துச் செல்ல விழைகிறோம்.

ஆர்கன் பட்டறையில் பிறந்த பொறி

தரையில் அமர்ந்தபடியே பறக்கக் கற்பிக்கும் இப்பொறிக்கு 'ஃப்ளைட் சிமுலேட்டர்' என்று பெயர். பறத்தலைப் பாவனை செய்து காட்டுவதால் பாவனைப் பொறி என்று நாம் கூறலாம். இதன் பிறப்பு நம் ஆலயங்களோடு தொடர்புடையது என்றால் வாசகர் வியப்படைவர். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்னும் இளைஞர் வாழ்ந்தார். அவருடைய தந்தையார் ஆர்கன்களும், தானே இசைக்கும் பியானோக்களும் செய்து விற்றவர். மகனுக்கோ விமானம் ஓட்டுவதில் தீராத ஆசை. பயிற்சிக் கட்டணமோ மிக அதிகம். தந்தையாரின் பட்டறையில் கிடந்த காற்றுத் துருத்திகளையும் அடைப்பான்களையும் கொண்டு, 1929-ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு மரப்பெட்டி விமானத்தை உருவாக்கினார். உள்ளே ஓர் இருக்கை, ஒரு கைக்கோல், இரு மிதிகள். கைக்கோலை அசைத்தால் துருத்திகள் காற்றை வாங்கியும் விட்டும் பெட்டியைச் சாய்க்கும், நிமிர்த்தும், திருப்பும். பாடகர் குழுவின் ஆர்மோனியத்தில் துருத்தி இழுத்துப் பழகியவர்களுக்கு இதன் இரகசியம் எளிதில் விளங்கும்.

முதலில் இதைப் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைச் சுமக்கும் பணியை ஏற்றபோது, மூடுபனியிலும் இரவிலும் பறக்கத் தெரியாமல் சில வாரங்களுக்குள் பலர் மாண்டனர். அதன் பின்னரே இராணுவத்தின் கண் திறந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆறு பெட்டிகளை வாங்கினர். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் வானூர்தி வீரர்கள் லிங்க் பெட்டியில் பயின்றிருந்தனர். 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வீட்டுக் கணிப்பொறிக்கான தன் முதல் பாவனையை வெளியிட்டது. விளையாட்டாய்ப் பிறந்து உயிர் காக்கும் கருவியாய் வளர்ந்த ஒன்று, மீண்டும் விளையாட்டாய் நம் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாரமும் வேகமும்

சிறுவன் எழுப்ப முயலும் விமானம் பெரும்பாலும் லங்காஸ்டராகவோ, அமெரிக்கரின் பி-17 ஆகவோ இருக்கும். நாம் லங்காஸ்டரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஆவ்ரோ நிறுவனத்தில் ராய் சாட்விக் என்பவர் வரைந்த இவ்விமானம் 1941-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 102 அடி. நான்கு மெர்லின் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,280 குதிரைச்சக்தி உடையது. மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. பறக்கும் நிலையில் எஞ்சியவை இரண்டே: ஒன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி விமானதளத்திலும், மற்றொன்று கனடாவின் ஹாமில்டன் நகரிலும் காக்கப்படுகின்றன.

வெற்று விமானத்தின் எடை பதினாறரை டன்னுக்குச் சற்று அதிகம். ஆறு தொட்டிகளையும் நிரப்பினால் 2,154 காலன் பெட்ரோல். அதுவே ஏழு டன். குண்டறையில் ஆறு டன் வரை வழக்கமாக ஏற்றலாம். ஆட்களும் எண்ணெயும் துப்பாக்கிக் குண்டுகளும் சேர, ஓடுபாதையில் நிற்கும் எடை முப்பது டன்னைத் தாண்டும். ஏறக்குறைய தன் எடைக்கு நிகரான சுமையைத் தூக்கிக்கொண்டு எழ வேண்டிய பறவை அது.

இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பாரம் இருமடங்கானால் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தாக வேண்டும். அந்த வேகத்தை எட்டுவதற்கோ பாரம் மிகுந்த விமானம் நெடுந்தூரம் ஓட வேண்டும். பாரம் அதிகமானால் எழ வேண்டிய வேகம் கூடுகிறது. அதே பாரம் அவ்வேகம் வருவதையும் தாமதப்படுத்துகிறது. போர்க்கால விமானதளங்களின் முதன்மை ஓடுபாதை 2,000 கெஜம் நீளம். முழுப் பாரத்தோடு புறப்பட்ட லங்காஸ்டர் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இனி, புறப்பாட்டைப் படிப்படியாகக் காண்போம். புதிதாய் அமர்பவர் முதலில் தவறுவது பொறுமையின்மையால். மெர்லின் இயந்திரங்கள் நீர்மத்தால் குளிர்விக்கப்படுபவை. பறக்கும்போது எதிர்க்காற்று அவற்றைத் தணிக்கும். தரையில் நெடுநேரம் உறுமிக்கொண்டிருந்தால் கொதித்துவிடும். நல்ல பாவனைப் பொறிகள் இச்சூட்டையும் கணக்கிடுகின்றன. இயந்திரங்களை ஓடவிட்டுவிட்டு, அடுத்து எதைத் தொடுவது என்று கையேட்டைத் தேடும் சிறுவன், தேடி முடிப்பதற்குள் இயந்திரத்தை இழந்துவிடுவான். படிக்க வேண்டியதை முன்னரே படித்துவிட்டு அமர வேண்டும் என்று பள்ளி ஆசிரியர்கள் சொல்வதை இந்த இயந்திரமும் சொல்கிறது.

அடுத்தது சரிபார்ப்பு. பெட்ரோல் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது? புரொப்பெல்லர் இதழ்களின் கோணம் சரியா? இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் 'ஃப்ளாப்' என்னும் தட்டுகள் தேவையான அளவு மட்டும் இறங்கியுள்ளனவா? கைப்பிடியையும் மிதிகளையும் முழுமையாக அசைத்துப் பார்த்தாயிற்றா? கடைசியாகச் சொன்னதைச் சிறுவர்கள் வீண்வேலை என்று தள்ளிவிடுவதுண்டு. லங்காஸ்டரை வரைந்த ராய் சாட்விக்கே 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் ஒரு சோதனைப் பறப்பில் உயிரிழந்தார். டியூடர் என்ற அந்தப் புதிய விமானத்தின் சாய்வுத் தட்டுகளை இயக்கும் கம்பிகள் இடம் வலமாக மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. விமானம் எழுந்தவுடன், ஓட்டியவர் ஒரு பக்கம் சாய்க்க, அது மறு பக்கம் சாய்ந்தது.

இப்போது பச்சை விளக்குக் கிடைத்துவிட்டது. லங்காஸ்டரின் மூன்றாம் சக்கரம் வாலுக்கு அடியில் உள்ளது. ஆகவே நிற்கும்போது மூக்கு வானத்தையும் வால் தரையையும் நோக்கியிருக்கும். அந்த வால் சக்கரம் நாற்காலியின் உருளை போலத் தன் விருப்பத்திற்குத் திரும்பக்கூடியது. ஓடுபாதைக்குள் திரும்பியவுடன் சில கெஜம் நேராக உருட்டி, அச்சக்கரத்தை நேர்ப்படுத்திய பின்னரே விசையைக் கூட்ட வேண்டும். இதைச் செய்யாதவர் தொடங்கும்போதே கோணலாகத் தொடங்குகிறார்.

விசையைக் கூட்டியதும் விமானம் இடப்புறம் இழுக்கிறது. நான்கு புரொப்பெல்லர்களும், பின்னிருந்து பார்த்தால், கடிகார முள் சுழலும் திசையிலேயே சுழல்கின்றன. அவற்றின் எதிர்விசை இடச் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. அவை பின்னே தள்ளும் காற்றும் திருகித் திருகிச் சென்று வாலை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. வால் மேலெழும் கணத்தில், சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது வேறு பக்கம் விலகுவது போல, புரொப்பெல்லர்களும் மூக்கை மேலும் இடப்புறம் விலக்குகின்றன. சுக்கானோ காற்று வேகமாக வீசினால்தான் வேலை செய்யும். ஓட்டத்தின் தொடக்கத்தில் அது வெறும் தகடு. இழுப்பு மிகுதியாக இருக்கும் வேளையில் அதைத் தடுக்கும் கருவி உறங்குகிறது என்பதே இவ்விமானத்தின் சங்கடம்.

இதற்குப் போர்க்கால விமானிகள் கண்ட வழி எளியது. இரட்டை மாட்டு வண்டி இடப்பக்கம் ஒதுங்கினால் வண்டிக்காரர் என்ன செய்கிறார்? இடத்து மாட்டைத் தட்டிவிடுகிறார். விமானியும் நான்கு விசைக் கைப்பிடிகளுள் இடப்புற ஓர இயந்திரத்தின் கைப்பிடியை மற்றவற்றுக்குச் சற்று முன்னதாகவே தள்ளுவார். அந்த இயந்திரம் இடப்பக்கத்தைக் கூடுதலாக இழுக்க, விமானம் நேராகும். கைக்கோலை முன்னே அழுத்தி வாலை உயர்த்தியதும், வாலின் இரு சுக்கான்களும் காற்றில் விழித்துக்கொள்ளும். அதன் பின் மிதிகளே போதும். நான்கு கைப்பிடிகளையும் சமமாக முழு அளவிற்குத் தள்ளலாம். வீட்டுச் சிறுவன் நான்கையும் ஒரே கைப்பிடியில் இணைத்து, ஒரே மூச்சில் முன்னே தள்ளுகிறான். புல்தரை அவனுக்காகக் காத்திருக்கிறது! ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தனி விசை அமைத்து, அல்லது அது இயலாதபோது மிகமிக மெதுவாகத் தள்ளி, வலக்கால் மிதியை முன்கூட்டியே அழுத்தியிருந்தால் அவனும் நேராக ஓடலாம்.

இயந்திரங்கள் நிமிடத்திற்கு 3,000 சுற்றில் அலறுகின்றன. வேகமுள் ஊர்கிறது. எழுபது மைல், எண்பது, தொண்ணூறு. ஓடுபாதையின் எல்லை விளக்குகள் நெருங்குகின்றன. இங்குதான் இரண்டாம் சோதனை. அச்சத்தால் கைக்கோலை வெடுக்கென்று இழுப்பவர் மூக்கை மட்டும் உயர்த்துவார். இறக்கைக்குப் போதிய காற்று இல்லாமையால் விமானம் மீண்டும் விழும். மணிக்கு நூறு மைலுக்குச் சற்று மேல், விமானம் தானாகவே இலேசாவது கையில் தெரியும். அப்போது மெல்ல இழுத்தால் போதும்.

சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன என்பதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. ஓர் இயந்திரம் நின்றால் மற்ற மூன்றைக் கொண்டு நேராகப் பறப்பதற்கு இன்னும் மிகுதியான வேகம் தேவை. அது வரும்வரை உயரத்திற்கு ஆசைப்படாமல், மரங்களின் தலையைத் தொடுவது போலத் தாழ்வாகவே பறந்து வேகத்தைச் சேமிக்க வேண்டும். சக்கரங்களை உள்ளே மடக்க வேண்டும். ஃப்ளாப் தட்டுகளைச் சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். ஒரேயடியாக உயர்த்தினால் விமானம் காலடித் தரை நழுவியது போலக் கீழே இறங்கும். ஓடுபாதையை வென்ற சிறுவர் பலர் இந்த இடத்தில்தான் அடுத்த வயலில் விழுகின்றனர். பத்து நாள் பொறுமையாக முயன்ற பிள்ளைக்கு ஒரு மாலையில் விமானம் எழுந்துவிடும். அம்மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆத்திரப்படாமல், ஒழுங்கு தவறாமல் ஒரு வேலையைச் செய்து முடித்தவனின் மகிழ்ச்சி அது.

விளையாட்டில் இல்லாத அறுவர்

ஆனால் திரையில் அவன் தனியாக இருக்கிறான். மெய்யான விமானத்தில் எழுவர் இருந்தனர். விமானிக்கு வலப்பக்கம் விமானப் பொறியாளர். விமானியின் கை கைப்பிடிகளைத் தள்ளும்போது, அவை நழுவாதபடி பின்னிருந்து தாங்குவது அவருடைய கை. திரைக்கு அப்பால் வழி கணிப்பவர், வானொலி இயக்குபவர், மூக்கில் குண்டு எறிபவர், முதுகிலும் வாலிலும் துப்பாக்கிக் கூண்டுக்குள் இருவர். துணை விமானி கிடையாது. பெரும்பாலோர் இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள். அனைவரும் தாமாக முன்வந்து இப்பணியில் சேர்ந்தவர்கள். முப்பது முறை சென்று திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது என்று ஓய்வு.

இங்கிலாந்தின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களுள் 55,573 பேர் மாண்டனர். பத்துப் பேருக்கு நான்கு பேருக்கு மேல்! இப்படைக்கு விமானதளங்கள் மிகுந்திருந்த லிங்கன்ஷையரில், மலைமீதுள்ள லிங்கன் பேராலயத்தின் கோபுரங்கள் வீரர்களுக்கு அடையாளம். வைகறையில் திரும்பி வருபவர்கள் அவற்றைக் கண்டால் வீடு வந்துவிட்டது என்று அறிவார்கள். அந்நகரில் 2018-இல் திறக்கப்பெற்ற நினைவகத்தில் ஒரு தூண் எழுப்பியுள்ளனர். அதன் உயரம் 102 அடி, லங்காஸ்டர் இறக்கையின் அகலம். சுற்றியுள்ள சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்கள்.

அவற்றுள் ஒருவரை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். ஆண்ட்ரூ மைனார்ஸ்கி கனடாவின் வின்னிப்பெக் நகரத்தவர். போலந்திலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தின் மகன். 1944-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் இரவு பிரான்சின் கம்பிரே நகர் இரயில் நிலையத்தைத் தாக்கச் சென்ற லங்காஸ்டரின் முதுகுக் கூண்டில் அவர் இருந்தார். பகைவர் தாக்கியதில் விமானம் தீப்பற்றியது. குதிக்குமாறு விமானி கட்டளையிட்டார். மைனார்ஸ்கி கதவருகே வந்தபோது, வால் கூண்டில் நண்பர் பாட் பிரோஃபி சிக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். எரியும் எண்ணெய்க்கு நடுவே தவழ்ந்து சென்று, கோடரியாலும் வெறுங்கையாலும் கூண்டைத் திறக்கப் போராடினார். இயலவில்லை. 'போய்விடு' என்று பிரோஃபி கையசைத்தார். உடையும் பாராசூட்டும் எரிய, மைனார்ஸ்கி கதவருகே திரும்பி நின்று, நண்பருக்கு வணக்கம் செலுத்திவிட்டுக் குதித்தார். தரையை உயிரோடு அடைந்தும் தீக்காயங்களால் இறந்தார். வயது 27. தரையில் மோதிய விமானத்திலிருந்து வெளியே வீசப்பட்ட பிரோஃபி உயிர் பிழைத்தார். நடந்ததை உலகம் அறிந்தது அவர் வாயிலாகவே. கனடாவில் பறக்கும் லங்காஸ்டர் மைனார்ஸ்கியின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

குண்டறையில் என்ன?

பாவனைப் பொறியில் புறப்படுமுன் ஒரு பட்டியல் தோன்றும். பெட்ரோல் எவ்வளவு, சுமை எவ்வளவு என்று கேட்கும். சிறுவன் ஓர் எண்ணைப் பதிவு செய்கிறான். சாதாரணப் பறத்தல் பாவனைகளில் குண்டுவீச்சே கிடையாது. அச்சுமை வெறும் எடையாக மட்டும் விமானத்தை அழுத்தும். போர் விளையாட்டாக வருபவை வேறு. அவற்றில் கீழே எரியும் ஊரும் உண்டு. இரண்டிலும் அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ளதை எவரும் சொல்லித் தருவதில்லை. நம் கவலை விமானத்தைப் பற்றியதன்று. இந்த எண்ணைப் பற்றியது.

1943-ஆம் ஆண்டு ஜூலை 24 முதல் ஆகஸ்டு 3 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை லங்காஸ்டர்களும் பிற விமானங்களும் தாக்கின. அத்தாக்குதலுக்குத் தளபதிகள் சூட்டிய பெயர் 'கொமோரா'. ஆதியாகமத்தில் வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்து அழிந்த நகரின் பெயரை அறிந்தே தேர்ந்துள்ளனர். ஜூலை 27 இரவில் எழுந்த தீ ஒரு புயலாகவே மாறியது. அந்நாள்களில் மாண்டவர் 30,000-க்கும் மேற்பட்டோர். பெண்களும் முதியோரும் குழந்தைகளும் அவர்களுள் மிகப் பலர். ராட்டர்டாம், கோவென்ட்ரி நகர்களை முதலில் எரித்தவர்கள் ஜெர்மானியரே என்பது உண்மை. அந்த அரசை வீழ்த்தாமல் ஐரோப்பாவுக்கு விடுதலை இல்லை என்பதும் உண்மை. ஆயினும், மக்களோடு முழு நகரங்களையும் வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் தயக்கமின்றி உரைத்தது. வெற்றி பெற்றவர் செய்ததற்கு ஓர் அளவுகோல், தோற்றவர் செய்ததற்கு வேறு அளவுகோல் என்று அச்சங்கம் பிரிக்கவில்லை.

இந்நெருக்கடி அவ்விமானத்தின் உள்ளே இருந்தவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு, பிரான்சின் லிமோஜ் நகரில் ஜெர்மானியருக்காக விமான இயந்திரங்கள் செய்த ஒரு தொழிற்சாலையைத் தகர்க்கும் பணி லியோனார்டு செஷைர் என்ற தளபதிக்குத் தரப்பட்டது. உள்ளே இரவுப் பணியில் பிரஞ்சுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். செஷைர் தம் லங்காஸ்டரைக் கூரைகளைத் தொடுமளவு தாழ்த்தி மூன்று முறை தொழிற்சாலையின் மேல் பறந்தார். எச்சரிக்கையைப் புரிந்துகொண்ட தொழிலாளர்கள் வெளியேறி ஓடிய பின்னரே குறி காட்டும் விளக்கை எறிந்தார். இருளில், அத்தகைய பருத்த விமானத்தை, பகைவர் நாட்டில், மூன்று முறை! எழுப்புவதற்கே இத்தனை பாடு வேண்டிய விமானம் என்பதைத் திரையில் பழகியறிந்த சிறுவனுக்கு, அம்மூன்று முறையின் பொருள் நம்மைவிட நன்றாக விளங்கும்.

அதே செஷைர் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், பார்வையாளராக ஓர் அமெரிக்க விமானத்தில் இருந்து, தொலைவில் நாகசாகியின் மேல் எழுந்த அணுகுண்டு மேகத்தைக் கண்டார். அதன் அடியில் ஜப்பானியக் கத்தோலிக்கரின் உரக்காமி பேராலயம் இருந்தது. தாம் செய்த போர்ப்பணியை அவர் பிற்காலத்திலும் மறுத்துரைக்கவில்லை. போர் முடிந்ததற்கு அக்குண்டு காரணம் என்றே கருதினார். அதில் அவரோடு நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் போருக்குப் பின், புற்றுநோயால் மடியும் நிலையில் போக்கிடமற்றிருந்த ஒரு முன்னாள் விமானப்படைத் தொண்டரைத் தம் வீட்டில் சேர்த்துத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். 1948-இல் அம்மனிதர் இறந்தார்; அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்கு முந்திய நாளில் செஷைர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். ஊனமுற்றோருக்கான செஷைர் இல்லங்கள் அவ்வாறு தோன்றின. நம் நாட்டிலும் அவை பணியாற்றுகின்றன. 1959-ஆம் ஆண்டு ஏப்ரலில் மும்பைப் பேராலயத்தில்தான் அவருடைய திருமணமும் நடைபெற்றது.

ஆகவே பிள்ளையைக் கடிந்து எழுப்புவதற்கு முன், பெற்றோர் அவனருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமரலாம் என்று கூறுவோம். எப்படி எழுப்பினாய் என்று கேட்டால் அவன் பெருமையோடு சொல்வான். இன்று என்ன சுமை ஏற்றினாய், அதை எங்கே கொண்டுபோகிறாய் என்று அடுத்துக் கேட்க வேண்டும். ஊர்களை எரிப்பதே ஆட்டம் என்றமைந்த விளையாட்டை வீட்டுக்குள் விடாதிருக்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. அதில் தயங்க வேண்டாம். மற்றதற்கு, வரலாறே வேறொரு சுமையைத் தந்திருக்கிறது.

1944-45-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். மக்கள் துலிப் மலர்க் கிழங்குகளை வேகவைத்துத் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர். உணவை வானிலிருந்து இறக்க இசைவு பெறும் பேச்சு, ஆக்டர்வெல்ட் என்னும் சிற்றூரின் புனித சூசையப்பர் பள்ளியில் நடந்தது. உடன்படிக்கை முழுமை பெறுவதற்கு முன்பே, ஏப்ரல் 29-ஆம் நாள், லங்காஸ்டர்கள் புறப்பட்டுவிட்டன. இம்முறை குண்டறைகளில் மாவு மூட்டைகளும், முட்டைத் தூளும், டப்பா இறைச்சியும், சாக்லேட்டும். அத்திட்டத்திற்கு இட்ட பெயர் 'மன்னா'. யாத்திராகமத்தில் பாலைவனத்து மக்களுக்கு வானிலிருந்து இறங்கிய அப்பம். கொமோரா என்று பெயரிட்ட அதே படையினர்தான் இப்பெயரையும் இட்டனர்.

மூட்டைகளுக்குப் பாராசூட் இல்லை. அவை சிதறாதிருக்க, விமானங்கள் 500 அடிக்கும் தாழ்வாகப் பறக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியத் துப்பாக்கிகளின் வாய் தங்களையே தொடர்ந்து திரும்புவதை வீரர்கள் கண்ணெதிரே கண்டனர். சுடுவார்களா மாட்டார்களா என்று முதல் நாளில் உறுதியாகச் சொல்ல எவருமில்லை. ராட்டர்டாமின் வால்ஹாவன் திடலிலும், ஹேக் நகரின் டியூன்டிக்ட் குதிரைப்பந்தயத் திடலிலும், லெய்டன், கௌடா அருகிலும் மூட்டைகள் விழுந்தன. மே 8-ஆம் நாள் வரை ஆங்கிலேயப் படை மட்டும் 6,600 டன்னுக்கு மேல் இறக்கியது. மொட்டை மாடிகளிலும் தெருக்களிலும் மக்கள் கொடிகளையும் படுக்கை விரிப்புகளையும் அசைத்தனர். மலர்த் தோட்டத்தில் துலிப் பூக்களைக் கொண்டே நன்றி என்று ஆங்கிலத்தில் எழுதினர், விமானத்திலிருந்து படிக்கும்படி.

லிங்கன்ஷையரிலிருந்து வடகடலைத் தாண்டி ராட்டர்டாம் வரை உள்ள அவ்வழியைப் பாவனைப் பொறியிலும் பறக்கலாம். தூரம் குறைவு, பெட்ரோல் குறைவாகப் போதும், விமானம் சற்று இலேசாகவே எழும். ஆனால் 500 அடியில் அதை நேராகப் பிடிப்பதற்குக் கை பழக வேண்டும். அந்நாள்களில் பறந்த வீரர்களுள் சிலர், தமக்குப் பங்காகக் கிடைத்த சாக்லேட்டையும் எடுத்து வைத்திருந்தனர். கைக்குட்டையின் நான்கு முனையிலும் நூல் கட்டிச் சிறு பாராசூட்டாக்கி, பிள்ளைகள் நிற்கும் இடம் பார்த்து அதைச் சன்னல் வழியே விட்டனர்.